பெயர் மட்டும் மிஞ்சிய மனிதர்: டயர் தந்த டன்லப்



போன மாதம் ஒரு சொந்த வேலையாகச் சிங்கப்பூர் போயிருந்தேன். ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் முதலில் வருகிற ஊர் உட்லண்ட்ஸ். இன்று அடுக்குமாடி வீடுகளும் தொழிற்பேட்டைகளும் நிறைந்து கிடக்கிற அந்த வடக்கு வட்டாரத்தில், நம் பாட்டன் காலத்தில் கித்தாத் தோட்டங்கள் இருந்தன. அங்கே ஒரு டயர் பட்டறையில் என் அக்காள் மகன் வேலை பார்க்கிறான். வீடு ஜொகூரில், வேலை உட்லண்ட்ஸில். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகிறான். அவனுடைய தாத்தா, அதாவது என் அப்பா, அதே நாலு மணிக்கு எழுந்துதான் பெரட்டுக்குப் போனார். தாத்தா மரம் வெட்டிப் பால் எடுத்தார். பேரன் டயர் மாட்டுகிறான். இரண்டு பேருக்கும் கையில் ஒட்டுவது ரப்பர்தான்.

அவன் வேலை முடிகிற வரை ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். ஒரு காடி வந்தது. நாலு சக்கரத்துக்கும் புது டயர் போட வேண்டும். காடி தரையில் நிற்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, பிறகுதான் ஜாக் வைத்துத் தூக்கினான். சக்கரத்தைக் கழற்றி, வால்வு ஊசியைப் பிடுங்கிக் காற்றை வெளியேற்றினான். டயரின் ஓரம் ரிம்மைக் கெட்டியாகக் கவ்விப் பிடித்திருந்தது. அதை இயந்திரத்தில் வைத்து அழுத்தி விடுவித்தான். பழைய டயர் கழன்று வந்தது. புது டயரின் ஓரத்தில் சவர்க்காரத் தண்ணீர் மாதிரி ஒன்றைத் தடவி, ஒரு பக்கத்தை ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறக்கி, மறுபக்கத்தை மேலே இழுத்து ஏற்றினான். காற்று அடித்ததும் பட் பட் என்று இரண்டு முறை வெடிக்கிற மாதிரி சத்தம். நான் திடுக்கிட்டுப் போனேன். டயரின் ஓரம் ரிம்மில் போய் உட்காருகிற சத்தம் அதுதானாம். பிறகு சுற்றவிட்டுப் பார்த்து, எடை குறைந்த பக்கத்தில் சின்ன ஈயக் கட்டி ஒட்டிச் சமன் செய்தான். நட்டுகளை வட்டமாகச் சுற்றி முடுக்காமல், எதிரும் புதிருமாக முடுக்கினான். வரிசையாக முடுக்கினால் சக்கரம் கோணலாக உட்காருமாம்.

டயரின் பக்கத்தில் பொறித்திருக்கிற நாலு இலக்கத்தையும் காட்டினான். முதல் இரண்டு எண் வாரம், கடைசி இரண்டு எண் வருசம். புது டயர் என்று சொல்லிப் பழைய சரக்கைத் தலையில் கட்டினால் இதைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். வேனும் மோட்டார் சைக்கிளும் வைத்திருக்கிற நம்ம ஆளுங்க இதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கழற்றிப் போட்ட பழைய டயர் ஒன்றில் டன்லப் என்று எழுதியிருந்தது. அது யார் தெரியுமா என்று மருமகனைக் கேட்டேன். கம்பெனி பேரு மாமா என்றான். ஆறு வருசமாக டயர் மாட்டுகிற பையன் அவன். அந்தப் பெயரில் ஒரு மனுசன் இருந்தார் என்பது அவனுக்குத் தெரியவில்லை. அவனைக் குறை சொல்லி என்ன பயன்? நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நம் குடும்பங்கள் கடல் தாண்டி வந்ததற்கும், காடு வெட்டித் தோட்டம் போட்டதற்கும், அந்த மனுசன் 1887-ல் செய்த ஒரு சின்ன வேலைக்கும் தொடர்பு உண்டு. இந்த வாரம் அவருடைய கதையைச் சொல்லப் போகிறேன்.

குதிரை வைத்தியர்

ஜான் பாய்ட் டன்லப் 1840-ம் ஆண்டு பிப்ரவரி 5-ம் தேதி ஸ்காட்லாந்து நாட்டில் டிரெகார்ன் என்னும் சிற்றூரில் பிறந்தார். விவசாயக் குடும்பம். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை என்பதால் உடம்பு நோஞ்சான். வயல் வேலைக்கு இவன் தாங்கமாட்டான் என்று வீட்டில் நினைத்ததால் படிப்புப் பக்கம் அனுப்பினார்கள். எடின்பரோ நகரத்தில் கால்நடை மருத்துவம் படித்து, 19 வயதிலேயே தேறி வைத்தியரானார்.

அந்தக் காலத்தில் கால்நடை வைத்தியம் என்பது லேசான தொழில் அல்ல. லோரியும் காடியும் இல்லாத உலகம் அது. மூட்டை இழுப்பதும், ஆள் ஏற்றுவதும், கடிதம் கொண்டு போவதும் குதிரைதான். குதிரைக்குக் கால் நொண்டினால் ஊரே நொண்டும். ஆகவே நல்ல வைத்தியருக்கு நல்ல மரியாதை இருந்தது.

ஏறத்தாழ பத்து வருசம் எடின்பரோவில் தொழில் பார்த்துவிட்டு, 1867-ல் அயர்லாந்து போனார். பிறகு பெல்ஃபாஸ்ட் நகரத்தில் நிலைத்தார். 1871-ல் மார்கரெட் ஸ்டீவன்சன் என்ற பெண்ணை மணந்தார். ஒரு மகன், ஒரு மகள். அயர்லாந்திலேயே பெரிய கால்நடை வைத்தியசாலைகளில் ஒன்று அவருடையது என்று சொல்லும் அளவுக்குத் தொழில் வளர்ந்தது. அமைதியான மனிதர், தாடி வைத்தவர், அதிகம் பேசாதவர். அவர் பாட்டுக்குக் குதிரைக்கு மருந்து கொடுத்துக்கொண்டு வாழ்ந்து முடித்திருந்தால், இன்று யாரும் அவரை நினைத்திருக்கமாட்டார்கள்.

மகனுக்குச் செய்த சக்கரம்

அவருடைய மகனுக்கு ஒன்பது, பத்து வயசு இருக்கும். மூன்று சக்கர சைக்கிள் ஒன்று வைத்திருந்தான். அப்போது சைக்கிள் சக்கரத்தில் கெட்டி ரப்பர் பட்டைதான் இருக்கும். உள்ளே காற்று கிடையாது. பெல்ஃபாஸ்ட் வீதிகளோ கருங்கல் பாவியவை. மிதித்தால் உடம்பெல்லாம் அதிரும், எலும்பு ஆட்டம் காணும். தோட்டத்து மண்சடக்கில் டிராக்டரில் உட்கார்ந்து போனவர்களுக்கு அந்த வேதனை தெரியும். இதற்கு என்ன செய்யலாம் என்று பிள்ளையைப் பெற்ற தகப்பன் யோசித்தார்.

1887 அக்டோபர் வாக்கில் தம் வைத்தியசாலை முற்றத்திலேயே சோதனை செய்தார். ஒரு வட்ட மரப் பலகை எடுத்தார். மெல்லிய ரப்பர்த் தகட்டை ஒட்டிக் குழாயாக்கி, அந்தப் பலகையைச் சுற்றி வைத்தார். மேலே துணி போர்த்தி ஆணி அடித்தார். பந்துக்குக் காற்று அடிக்கிற பம்பை வைத்து ஊதினார். பிறகு மகனுடைய சைக்கிளின் பழைய சக்கரத்தையும், தாம் செய்த காற்றுச் சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். பழைய சக்கரம் பாதி தூரத்திலேயே சாய்ந்து விழுந்தது. காற்றுச் சக்கரமோ முற்றம் முழுவதும் ஓடி, கடைசியில் இருந்த வாசல் தூணில் மோதித் திரும்பியது.

அந்தச் சக்கரம் ஏன் அப்படி ஓடியது? கல்லில் ஏறும்போது கெட்டிச் சக்கரம் வண்டி முழுவதையும் தூக்கிப் போடுகிறது. தூக்கிப் போடுவதில் வலுவெல்லாம் வீணாகிறது. காற்றுச் சக்கரமோ கல்லை உள்வாங்கி நெளிந்து கொடுத்து, மறுபடி நிமிர்ந்துகொள்கிறது. வண்டி ஆடுவதில்லை, வலு வீணாவதில்லை. சுகமும் கிடைத்தது, வேகமும் கிடைத்தது. டன்லப் தேடியது சுகத்தை. கூடவே வேகம் தானாக வந்தது.

1888-ல் அந்தக் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கேட்டு, அதே ஆண்டு டிசம்பரில் பெற்றார். 1889-ல் பெல்ஃபாஸ்ட் சைக்கிள் வீரர் வில்லி ஹியூம் இந்தக் காற்று டயரைப் போட்டுக்கொண்டு பந்தயத்தில் இறங்கினார். தடித்த சக்கரத்தைப் பார்த்துக் கூட்டம் சிரித்ததாம். பந்தயம் முடிந்தபோது சிரிப்பு நின்றது. அவர் எல்லாரையும் முந்திவிட்டார். வேறு ஊர்ப் பந்தயங்களிலும் ஜெயித்தார். அதன் பிறகு, கெட்டி ரப்பர்ச் சக்கரத்துக்கு மதிப்புப் போய்விட்டது.

கையெழுத்துப் போட்ட நாள்

இனிமேல்தான் நாம் கவனிக்க வேண்டிய கதை வருகிறது.

டப்ளின் நகரத்து வியாபாரி ஹார்வி டு குரோஸ். அவருடைய மகன்கள் சைக்கிள் வீரர்கள். காற்று டயர் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்த உடனே அதில் கிடக்கிற காசு அவர் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. 1889-ல் அவர் தலைமையில் டப்ளினில் ஒரு கம்பெனி எழுந்தது. டன்லப் தம் காப்புரிமையை அந்தக் கம்பெனிக்கு மாற்றிக் கொடுத்தார். பதிலுக்குக் கிடைத்தது கொஞ்சம் பணமும் பங்குகளும். ஏமாற்றிப் பிடுங்கினார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. தாமே மனமொப்பிக் கையெழுத்துப் போட்டார். ஆனால், எதன் மேல் கையெழுத்துப் போடுகிறோம், அது நாளைக்கு என்ன விலை போகும் என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்திருக்குமா?

அடுத்து ஓர் இடி விழுந்தது. டன்லப் பெற்ற காப்புரிமையே செல்லாது என்று ஆகிவிட்டது. காரணம், ராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர், டன்லப் ஐந்து வயசுப் பிள்ளையாக இருந்த 1845-லேயே காற்றுச் சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். 1847-ல் லண்டனில் குதிரை வண்டிக்குப் போட்டு ஓட்டியும் காட்டினார். அந்தக் காலத்தில் சைக்கிளும் இல்லை, காடியும் இல்லை, மலிவான நல்ல ரப்பரும் இல்லை. வாங்க ஆள் இல்லாமல் கண்டுபிடிப்பு தூங்கிப் போய், தாம்சன் 1873-ல் இறந்தும் போனார். டன்லப்புக்கு இந்தச் சங்கதி எதுவும் தெரியாது. அவர் தம் சொந்தப் புத்தியால்தான் செய்தார். ஆனாலும் சட்டம் முதலில் பதிந்தவனைத்தான் பார்க்கும்.

டயரை மாட்டுவதே பெரும்பாடு

காப்புரிமை போன பிறகும் அந்தக் கம்பெனி எப்படிப் பிழைத்தது? இங்கேதான் உட்லண்ட்ஸ் பட்டறையில் நான் பார்த்த வேலை வருகிறது.

டன்லப்பின் முதல் டயரில் ஒரு பெரிய குறை இருந்தது. அதை ரிம்மோடு பசை போட்டு ஒட்டித் துணியால் சுற்றியிருப்பார்கள். மாட்டினால் மாட்டினதுதான். முள் குத்திக் காற்று இறங்கினால், சுற்றின துணியை எல்லாம் பிய்த்து, உள் டியூப்பை எடுத்து ஒட்டி, மறுபடி பசை பூசிக் காய வைக்க வேண்டும். பெரும்பொழுது அதிலேயே போய்விடும். இப்படி ஒரு டயரை ஊர் உலகம் எத்தனை நாள் தாங்கும்?

1890-ல் இரண்டு பேர் இதற்கு வழி கண்டுபிடித்தார்கள். ஒருவர் சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச். டயரின் இரண்டு ஓரத்திலும் நீளாத கம்பி வளையத்தை வைத்துத் தைத்து, ரிம்மின் நடுவில் பள்ளம் விட்டார். ஓரத்தின் ஒரு பகுதியைப் பள்ளத்தில் இறக்கினால் மறுபகுதி ரிம்மைத் தாண்டி வெளியே வரும். காற்று அடித்தால் கம்பி ஓரம் மேட்டில் ஏறி இறுகிக்கொள்ளும். மற்றவர் வில்லியம் பார்ட்லெட். ரிம்மின் விளிம்பை உள்பக்கம் மடித்து, டயரின் தடித்த ஓரம் அதில் கொக்கி போட்ட மாதிரி மாட்டிக்கொள்ளும்படி செய்தார். டு குரோஸ் கெட்டிக்காரர்; இந்த இரண்டு உரிமைகளையும் கம்பெனிக்கு வாங்கிப் போட்டுவிட்டார். டன்லப்பின் காகிதம் செல்லாமல் போனாலும், டயரை மாட்டிக் கழற்றுகிற உரிமை கம்பெனியின் கையில் இருந்தது.

என் மருமகன் டயரின் ஒரு பக்கத்தை நடுப்பள்ளத்தில் இறக்கி மறுபக்கத்தை ஏற்றினான் என்று சொன்னேனே, அது வெல்ச் 1890-ல் காட்டின அதே வழிதான். இயந்திரம் மாறியிருக்கிறது, வித்தை மாறவில்லை. பட் என்று கேட்ட சத்தம், கம்பி ஓரம் மேட்டில் ஏறின சத்தம்.

1895-ல் பிரெஞ்சு நாட்டு மிஷெலின் சகோதரர்கள் பாரிஸ் - போர்தோ பந்தயத்தில் காற்று டயர் போட்ட காடியை ஓட்டிக் காட்டினார்கள். வழியில் பலமுறை காற்று இறங்கிப் படாதபாடு பட்டாலும், காடிக்கும் காற்று டயர் போடலாம் என்பது அன்றைக்கு நிலைநாட்டப்பட்டது.

முப்பது லட்சமும் ஐம்பது லட்சமும்

டன்லப் தம் வைத்தியத் தொழிலை விட்டுவிட்டு டப்ளினுக்குக் குடிபெயர்ந்து கம்பெனியில் இருந்தார். ஆனால் கம்பெனி நடக்கிற போக்கு அவருக்குப் பிடிக்கவில்லை. 1895-ல் விலகிக்கொண்டார். பங்குகளில் பெரும்பகுதியையும் விற்றுவிட்டார்.

மறு வருசமே, அதாவது 1896-ல், டெரா ஹூலி என்னும் பணக்காரர் அந்தக் கம்பெனியை 30 லட்சம் பவுனுக்கு வாங்கினார். வாங்கின கையோடு 50 லட்சம் பவுனுக்குப் பங்குச் சந்தையில் விற்றார். ஒரு ரப்பர்க் குழாயைத் தொட்டு ஒட்டாத மனுசன், ஒரே வருசத்தில் லட்சக்கணக்கில் லாபம் பார்த்தார். அந்தப் பணத்தில் கண்டுபிடித்தவருக்குப் பங்கு இல்லை. ஆனால் பெயர் மட்டும் அவர் பெயர்தான். தாடி வைத்த அவர் முகம்கூட விளம்பரச் சின்னமாகிவிட்டது.

அதன் பிறகு டன்லப் டப்ளினில் ஒரு துணிக்கடை வியாபாரத்தில் கூட்டாளியாக இருந்தார். பட்டினி கிடந்தார் என்று சொன்னால் அது பொய். கௌரவமாகத்தான் வாழ்ந்தார். 1921 அக்டோபர் 23-ம் தேதி 81 வயதில் அங்கேயே காலமானார். டயரின் கதையை அவர் எழுதி வைத்திருந்தார். அதை அவர் மகள் பிற்பாடு புத்தகமாக்கினார். இன்று வட அயர்லாந்தில் பத்துப் பவுன் நோட்டு ஒன்றில் அவர் படம் அச்சாகியிருக்கிறது. உயிரோடு இருந்தபோது கோடி கையைவிட்டுப் போனது. செத்த பிறகு முகம் நோட்டில் ஏறியது!

டயரும் நம் வெட்டுக் கத்தியும்

இதில் நமக்கு என்ன என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

டன்லப் காப்புரிமை வாங்கின அதே 1888-ல், சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துக்கு ஹென்றி ரிட்லி என்னும் வெள்ளைக்காரர் அதிகாரியாக வந்து சேர்ந்தார். பிரேசில் காட்டு ரப்பர் விதையிலிருந்து லண்டனில் முளைக்க வைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877-லேயே சிங்கப்பூர் வந்திருந்தன. அவற்றில் சில பேராக்கில் கோலகங்சாருக்கும் போயின. அந்த மரத்தின் அருமை அப்போது யாருக்கும் தெரியவில்லை. ரிட்லி மட்டும் விடவில்லை. பிரேசில் காட்டில் மரத்தைக் கோடரியால் கொத்திப் பால் எடுப்பார்கள். மரம் சீக்கிரம் வீணாகிவிடும். ரிட்லி பட்டையில் சாய்வாகக் கோடு போட்டு, அந்தக் காயத்தின் ஓரத்தையே மெல்லியதாகச் சீவிச் சீவிப் பால் எடுத்தால், மரமும் பிழைக்கும், பாலும் கூடும் என்று சோதித்து நிரூபித்தார். மரத்தின் உயிர்ச்சதையைத் தொடாமல் பட்டையை மட்டும் சீவுகிற நம் கைவேலைக்கு அஸ்திவாரம் அதுதான். எங்கே போனாலும் ரப்பர் நடச் சொல்லிச் சட்டைப் பையில் விதையைத் திணித்ததால், ரிட்லியைப் பைத்தியம் என்றுகூடக் கேலி செய்தார்கள். அந்தப் பைத்தியம் 1956-ல், நூறு வயசைத் தாண்டி இறந்தது.

1896-ல் மலாக்காவில் டான் சாய் யான் என்னும் சீன முதலாளி முதன்முதலாக வியாபாரத்துக்காக ரப்பர் நட்டார். 1908-ல் அமெரிக்காவில் ஃபோர்ட் கம்பெனியின் மலிவான காடி வந்தது. காடி பெருகினால் டயர் வேண்டும். டயருக்கு ரப்பர் வேண்டும். ரப்பருக்குக் காட்டை அழித்து மரம் நட, களை எடுக்க, பால் வெட்ட ஆள் வேண்டும். அந்த ஆள் யார்? தஞ்சாவூரிலும் திருச்சியிலும் சேலத்திலும் வட ஆற்காட்டிலும் பஞ்சத்தால் அடிபட்டுக் கிடந்த நம் பாட்டனும் பாட்டியும்தான். 1907-ல் தமிழ்த் தொழிலாளர்களைக் கொண்டுவருவதற்கென்றே அரசாங்கம் ஒரு நிதி ஏற்படுத்தியது. கங்காணிகள் ஊருக்குப் போய் ஆள் சேர்த்தார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கில் இறங்கினார்கள். மலேரியாவில் விழுந்தவர்கள் போக மிச்சம் இருந்தவர்கள் மரத்தை வளர்த்தார்கள். 1910-ஐ ஒட்டி ரப்பர் விலை வானத்துக்கு ஏறியபோது முதலாளிமார் கொழித்தார்கள். 1930-களில் விலை விழுந்தபோதோ கூலியைக் குறைத்து, ஆயிரமாயிரமாய் நம் மக்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். டன்லப் பெயர் தாங்கிய கம்பெனியும் மலாயாவில் பெரிய பெரிய தோட்டங்களை வாங்கியது. அந்த வைத்தியருக்கும் அந்தத் தோட்டங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் எப்போதோ விலகிவிட்டார். ஆனால் நம் சனங்களில் பல ஆயிரம் பேருக்கு அவருடைய பெயர்தான் தோட்டத்துப் பெயர்.

ஆப்பிரிக்காவில் கொங்கோ நாட்டு மக்களின் நிலை இதைவிடக் கொடுமை. காட்டு ரப்பர் போதிய அளவு கொண்டுவரவில்லை என்று சொல்லி, பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் ஆட்கள் அங்கே மக்களைக் கொன்றார்கள், கையை வெட்டினார்கள். உலகமே கண்டித்த பிறகு 1908-ல்தான் அந்த ஆட்சி மன்னர் கையிலிருந்து பறிக்கப்பட்டது. பெல்ஃபாஸ்டில் ஒரு தகப்பன் தன் பிள்ளை உடம்பு வலிக்கக் கூடாதே என்று செய்த பொருள், எத்தனையோ தகப்பன்களின் உடம்பை நோகடித்திருக்கிறது. இது அவர் குற்றம் அல்ல. பொருளைக் கண்டுபிடிப்பவர் ஒருவர், அதில் லாபம் பார்க்கிறவர் இன்னொருவர், அதற்காகப் பாடுபடுகிறவர் மூன்றாமவர். உலகம் இப்படித்தான் நடந்திருக்கிறது.

இன்று தோட்டங்களில் கித்தா மரம் குறைந்து எண்ணெய்ப்பனை நிற்கிறது. செயற்கை ரப்பரும் வந்துவிட்டது. ஆனாலும் உலகத்தில் எடுக்கிற இயற்கை ரப்பரில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பங்கு டயருக்குத்தான் போகிறது. ஆகாய விமானத்து டயரும் பெரிய லோரி டயரும் சூடு தாங்க வேண்டும் என்றால் மரத்துப் பால் இல்லாமல் ஆகாது.

என் அப்பாவின் கைநாட்டு

டன்லப் கதையைப் படித்தபோது எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது.

1991-ல் எங்கள் தோட்டம் கைமாறியது. மரத்தை எல்லாம் வெட்டிவிட்டு வீடு கட்டப் போவதாகச் சொன்னார்கள். அப்பாவுக்கு அங்கே 27 வருச சர்வீஸ். ஆபீசுக்குக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார்கள். நான் அப்போதுதான் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்தவன். பையன் படித்தவன் என்று பெருமையாக என்னையும் கூட அழைத்துப் போனார். காகிதம் இங்கிலீஷில் இருந்தது. எனக்கு ஒரு வரி விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வாசித்த மாதிரி பாவனை பண்ணித் தலையை ஆட்டினேன். அப்பா கைநாட்டு வைத்தார். கையில் கிடைத்தது மூன்று மாதச் சம்பளம்கூட இல்லை. எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்துவிட்டதாக அந்தக் காகிதம் சொன்னது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

ஆட்குறைப்பு நன்மைகள் பற்றிய 1980-ம் ஆண்டு விதிகள் என்று ஒன்று நம் நாட்டில் உண்டு. இரண்டு வருசத்துக்குக் குறைந்த சேவைக்கு வருசத்துக்குப் பத்து நாள் சம்பளம். இரண்டிலிருந்து ஐந்து வருசத்துக்குள் என்றால் பதினைந்து நாள். ஐந்து வருசமும் அதற்கு மேலும் என்றால் வருசத்துக்கு இருபது நாள். அப்பாவின் 27 வருசத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 540 நாள் சம்பளம். அந்த 540 நாளும் ஒரு கைநாட்டில் கரைந்து போனது. நான் தொழிற்சங்க வேலைக்கு வந்ததற்குக் காரணம் வேறு எதுவும் இல்லை. அன்றைக்கு ஆட்டின தலைதான்.

டன்லப் படித்தவர், தொழில் தெரிந்தவர், வசதியானவர். அவரே தம் பொருளின் மதிப்புத் தெரியாமல் சீக்கிரம் கையெழுத்துப் போட்டுவிட்டார். அப்படியிருக்க, நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்? யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும், நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லி வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். படித்த பிள்ளைகளிடம் காட்டுங்கள், தொழிற்சங்கத்தில் காட்டுங்கள், தொழிலாளர் இலாகாவில் கேளுங்கள். பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: விளங்கவில்லை என்றால் விளங்கவில்லை என்று சொல்லுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. தெரிந்த மாதிரி தலையாட்டுவதுதான் ஆபத்து.

அன்று சாயந்திரம் மருமகன் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். எவ்வளவு தேய்த்தும் நகக்கண்ணில் இருந்த கறுப்பு போகவில்லை. அப்பா விரலிலும் காய்ந்த பால் இப்படித்தான் ஒட்டியிருக்கும். போன மாதம் அவனிடம் புது ஒப்பந்தக் காகிதம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்களாம். கையெழுத்துப் போட்டுவிட்டாயா என்று கேட்டேன். இல்லை மாமா, நீங்க வந்ததும் காட்டலாம்னு வச்சிருக்கேன் என்று பையிலிருந்து எடுத்தான். பட்டறை வாசலிலேயே உட்கார்ந்து, இரண்டு பேரும் வரி வரியாகப் படித்தோம். சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அப்பாவுக்குச் செய்யாததை அவர் பேரனுக்குச் செய்தேன் என்று மனசு கொஞ்சம் ஆறியது.

மீண்டும் அடுத்த வாரம் சந்திப்போம்.